ஜோட் ஆகாத ஒன்பது பேர்

தவறு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை நிம்மதியாகச் சொல்ல முடியும். டாக்டர் கையெழுத்துப் போடாத ரிப்போர்ட்டை நான் வெளியே கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகக் கோலாப்பூரில் ஒரே லேபில் ரத்தம் எடுக்கிறேன், இந்த ஊரில் பாதிப் பேருடைய முழங்கை நரம்பு எனக்கு அத்துபடி, அப்படிப்பட்டவள் செய்கிற காரியமா இது என்று என் கணவரே கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் தன் சோள ரொட்டியைத் தானே தட்டிக்கொண்டார்.

வருஷா வருஷம் திருவிழாக்கள் தொடங்குவதற்கு முன்னால் மங்கள்வார் பேட்டையிலிருந்து குஸ்தி வாத்தியார் ஹிந்துராவ் வஸ்தாத் தன் பயில்வான்களை எங்கள் லேபுக்கு அனுப்புவார். பெரிய குஸ்திகளில் இறங்கப் போகிறவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்தாக வேண்டும். அவருடைய குஸ்திக்கூடமான தாலிமில் 'ஊசி' என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான். உடம்பை ஏற்றுவதற்குத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்கிற ஊசி. அவருடைய சொந்தத் தங்கை மகன் அந்த ஊசியில் இருபத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தான். அந்தச் சிதைக்கு முன்னால் நின்று வஸ்தாத் எடுத்த சபதம், தன் கூரைக்குக் கீழே ஊசி நுழையக் கூடாது என்பது.

ஊசிக்காரனைக் கண்டுபிடிக்க அவரிடம் நான்கு அடையாளங்கள் உண்டு. கை நடுங்கும். விடியற்காலைக் குளிரிலும் வேர்க்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும். கண் வெளியே தள்ளும். "நாலுல மூணு இருந்தா மூட்டையைக் கட்டு" என்பார். மூட்டையைக்கூட அவன் கட்ட வேண்டியதில்லை. ஆணியில் தொங்கும் அவனுடைய லங்கோட்டை எடுத்து நடு ரோட்டில் வீசிவிடுவார். அப்படி வீசப்பட்டவனை இந்த ஜில்லாவில் வேறெந்தத் தாலிமும் சேர்க்காது. அந்த நான்கு அடையாளமும் எங்கிருந்து வந்தன என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. வஸ்தாத் சொன்னால் சொன்னதுதான்.

யுவராஜ் சௌகுலே அவரிடம் ஆறு வருஷமாக இருந்தான். கரும்புக்காட்டுக் குடும்பம், இருபத்து நாலு வயசு. அந்த ஞாயிற்றுக்கிழமை வாட்லே திருவிழாவில் முதல் நம்பர் குஸ்தி அவனுக்குத்தான். இன்னாரோடு இன்னார் மோதுவது என்று முன்கூட்டியே பேசி முடிப்பதை ஜோட் என்போம்; அவன் படமும் எதிராளியின் படமும் போட்ட போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. என் கணவர் குஸ்திப் பைத்தியம், சுற்று வட்டாரத்தில் ஒரு மைதானத்தையும் விடமாட்டார். அந்தப் பழக்கத்தில் யுவராஜ் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்ததும், "அண்ணி, ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைங்களேன்" என்றான்.

"ஜனவரி மாசம்டா. நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், தெரியுதா இல்லையா?"

"எனக்கு வேகுது அண்ணி."

"தண்டாயி ஜாஸ்தியாயிடுச்சா? பாதாம் சூடு."

"ரெண்டு பங்கு குடிக்கிறேன். அப்பவும் எட்டுக் கிலோ இறங்கியிருக்கேன். வஸ்தாத்கிட்ட சொல்லிடாதீங்க, ஜோட்டை மாத்திடுவாரு."

அவன் கை ஈரமாக இருந்தது. வாங்குகிற கையே நடுங்கினால் ஊசியை எப்படிப் போடுவது என்று கிண்டல் செய்தேன். பயில்வானுக்கு ஊசி என்றால் பயம்தானே என்றும் சொல்லிவைத்தேன். நாக்குக்கு எலும்பில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மெஷின் எண்ணைத் துப்பியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், ஆயிரத்துக்குள் இருக்க வேண்டியது, ஆயிரத்து முந்நூற்று எண்பது. பக்கத்தில் சிவப்பில் 'அதிகம்'. எங்கள் டாக்டர் வைஜயந்தி இனாம்தார் அன்று புனாவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் வஸ்தாத் நேரில் வந்தார். தலையில் தலைப்பாகை, கையில் குடை, மழையே இல்லாத மாசத்தில்.

"என் பசங்க பேப்பர் ரெடியாம்மா?"

"டாக்டர் பாக்கணும் வஸ்தாத். நாளைக்கு வாங்க."

"டாக்டர் என்ன பாக்கப் போறாங்க? மெஷின் சொன்னதைத்தானே? குடு."

கொடுத்தேன். அவ்வளவு பெரிய மனுஷர் எதிரில் நிற்கும்போது என் வாய் சின்னதாகிவிட்டது. அவர் படித்தது இரண்டே விஷயம், அந்த எண்ணும் அந்தச் சிவப்பும்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் லங்கோட் ரோட்டுக்கு வந்துவிட்டது. பேட்டையே வேடிக்கை பார்த்ததாம். யுவராஜ், "சத்தியமா ஊசி போடல வஸ்தாத்" என்று கையைக் கூப்பியிருக்கிறான். கூப்பிய கை நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கமே அவனுக்கு எதிரான சாட்சியாகிப் போனது.

புதன்கிழமை காலையில் டாக்டர் வந்ததும் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனாம்தார் மேடம் குள்ளமான பெண்மணி, ஐம்பத்தைந்து வயசு, குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ரிப்போர்ட்டின் நகலை வாங்கிப் பார்த்தார்.

"கையெழுத்தில்லாம யார் கொடுத்தது?"

"நான்தான் மேடம்."

"சரி. திட்டறதை சாயங்காலம் வெச்சுக்கறேன். இப்ப உக்காரு. அவன் கையைப் பிடிச்சப்ப நீ என்ன பாத்தே?"

எனக்குப் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. டியூப் நிரம்பியதா, பெயர் சரியாக எழுதினாயா என்று கேட்பார்கள். என்ன பார்த்தாய் என்று கேட்க ரத்தம் எடுப்பவளுக்குக் கண் இருக்கிறது என்று தோன்ற வேண்டுமே!

ஃபேன் கேட்டதைச் சொன்னேன். ஈரக் கையை, நடுக்கத்தை, எட்டுக் கிலோவை, இரண்டு பங்கு தண்டாயியைச் சொன்னேன்.

"நாடி?"

"நரம்பைத் தேடறப்ப விரலுக்கு அடியில குதிச்சுது மேடம். ஓடி வந்திருப்பான்னு நெனச்சேன்."

"ஓடியா வந்தான்?"

"இல்ல. பைக்ல."

மேடம் சிரித்துவிட்டார். "ஷாலன், பாதி வைத்தியத்தை நீயே பண்ணிட்டே. மீதியை மெஷின் பண்ணட்டும். அவனைப் பிடி."

போனில் பிடித்தபோது அவன் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போக மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். மேடமே பேசினார். உன் ரத்தம் இன்னும் கொஞ்சம் எங்களிடம் இருக்கிறது, வேறு மூன்று பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் அவன் அழுவது கேட்டது. "எல்லாத்தையும் போட்டுப் பாருங்க மேடம். என் உடம்புல என்ன இருக்கோ எல்லாத்தையும் பாருங்க."

ஃபிரிட்ஜிலிருந்து அவனுடைய சீரத்தை எடுத்தோம். மேடம் கேட்டதில் ஒன்று தைராய்டு. இன்னொன்று, ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் உத்தரவு. மூன்றாவது எங்கள் லேபில் மாசத்துக்கு நாலு பேருக்குக்கூடப் பார்க்காத ஒரு புரதம். நாங்கள் எஸ்.எச்.பி.ஜி. என்போம். கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற சமாசாரம். பாலின ஹார்மோன்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதன் பிடியில் இருக்கிற ஹார்மோன் ரத்தத்தில் ஊர்வலம் போகுமே தவிர, சதைக்குள் இறங்கி ஒரு வேலையும் செய்யாது. ஆனால் சாதாரண டெஸ்ட், பிடிபட்டதையும் பிடிபடாததையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். நான் இவ்வளவு காலம் அச்செடுத்துக் கொடுத்த எண்கள் எல்லாம் அந்தக் கூட்டல்தான்.

பதினொன்றரைக்கு எண்கள் வந்தன. தைராய்டு கட்டுமீறிச் சுரந்துகொண்டிருந்தது. மூளையின் உத்தரவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்தப் புரதம், ஐம்பத்தாறுக்குள் இருக்க வேண்டியது, நூற்று நாற்பத்திரண்டு. மேடம் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிடிபடாமல் இருக்கிற ஹார்மோன் எவ்வளவு என்று பார்த்தால், ஊரில் எந்த ஆம்பளைக்கும் இருக்கிற அளவுதான். கம்ப்யூட்டரிலும் ஒரு தடவை போட்டுச் சரிபார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"போன்ல சொல்லிடலாமே மேடம்?"

"லங்கோட்டைப் போன்லயா தூக்கிப் போட்டாரு? வா."

தாலிமின் மண்ணைப் பெண்கள் மிதிப்பதில்லை. நாங்கள் வாசற்படியில் நின்றோம். உள்ளே மோர் கலந்த செம்மண் வாசனை, தொம் தொம்மென்று தண்டால் எடுக்கிற சத்தம். வஸ்தாத் வெளியே வந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் நிதானமாகச் சொன்னார். ஹார்மோன் அதிகம் என்பது உண்மை, ஆனால் அதில் பெரும்பங்கு புரதத்தின் பிடியில் இருக்கிறது, வேலை செய்வது கொஞ்சம்தான் என்று. பாங்க் லாக்கரில் இருக்கும் நகையை உதாரணம் சொன்னார். அணைத் தண்ணீரைச் சொன்னார். வஸ்தாத் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, "டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. நான் மண்ணைத் தின்னவன். பேப்பர்ல ஜாஸ்தின்னு போட்டிருக்கா இல்லையா?" என்றார்.

"போட்டிருக்கு."

"அப்புறம் என்ன?"

எனக்கு வந்ததே கோபம்! முந்தின நாள் சின்னதாகிப் போன வாய் இப்போது பெரிசாகிவிட்டது. வாசல் பக்கத்து வெளிச்சுவரில் வாட்லே போஸ்டர் ஒட்டியிருந்தது. போய் அதன் மேல் கையை வைத்தேன்.

"வஸ்தாத், உங்க தாலிம்ல எத்தனை பயில்வான்?"

"அறுபத்திரண்டு. ஏன்?"

"இப்ப சாங்லியிலிருந்து ஒருத்தன் வந்து வாசல்ல தொடையைத் தட்டறான். அறுபத்திரண்டு பேரையும் அவன் மேல இறக்குவீங்களா?"

"என்ன பேச்சும்மா இது! உன் வீட்டுக்காரர் உனக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்கலையா? அனேகம் பேருக்கு ஜோட் ஆயாச்சு. ஜோட் பிடிச்சவன் அந்தக் குஸ்தி முடியற வரைக்கும் வேற எவன் கூடவும் இறங்கக் கூடாது. கையைக்கூடக் குலுக்கக் கூடாது."

"அப்ப ஜோட் ஆகாதவன் எத்தனை பேர்?"

வஸ்தாத் விரலை மடக்கினார். "ஒம்போது."

"ஒம்போதுதானே? ஆனா தலை எண்ணிப் பாத்தா அறுபத்திரண்டு. உங்க தாலிம் வாசல்ல நின்னு தலையை மட்டும் எண்ணிட்டு, ஐயோ அறுபத்திரண்டு பேரு என்னை அடிக்க வராங்கன்னு ஓடறவனை நீங்க என்ன சொல்லுவீங்க?"

"மடையன்னு சொல்லுவேன்."

துண்டு கையிலேயே நின்றது. இனாம்தார் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை, நான் திறந்த கதவில் நேராக நுழைந்தார்.

"அந்தப் புரதம்தான் ஜோட் பிடிச்சு வைக்கறது, வஸ்தாத். யுவராஜுக்கு அது ரெண்டரை மடங்கு ஏறிக்கிடக்கு. வந்தவனையெல்லாம் ஜோட் போட்டுக் கட்டி வெச்சிருக்கு. கையில ஆள் கம்மியானா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"புதுசா ஆள் சேப்பேன்," என்றார் வஸ்தாத் மெதுவாக. "ஜோட் ஆகாதவன் ஒரு பத்துப் பேராவது கையில இருக்கணும்ல."

"அவன் உடம்பும் அதைத்தான் பண்ணியிருக்கு. அதனாலதான் தலை எண்ணிக்கை ஜாஸ்தி. இறங்கற ஆளு எல்லாருக்கும் இருக்கற அளவுதான்."

"ஊசி போட்டாலும் தலை ஜாஸ்தியாகும்ல?"

"ஆகும். ஆனா ஊசி போட்டா அந்தப் புரதம் கீழ இறங்கும். மூளையிலருந்து வர உத்தரவும் நின்னு போகும், வெளியிலருந்துதான் கிடைக்குதே, நமக்கென்ன வேலைன்னு. இவனுக்கு உத்தரவு ஒழுங்கா வருது, புரதம் மேல ஏறியிருக்கு. ஊசிக்கு நேர் எதிர்." மேடம் ஒரு மூச்சு விட்டார். "இவன் பொறந்ததுலேருந்து ஊசியே போட்டதில்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அது என் வேலை இல்ல. ஆனா இந்தப் பேப்பரை வெச்சு அவன் மேல பழி போட முடியாது. இது குற்றத்தைக் காட்டற பேப்பர் இல்ல, நோயைக் காட்டற பேப்பர்."

அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வார்த்தையைக் கூட்டிச் சொல்ல யாருக்குத்தான் ஆசை வராது? அவர் தெரிந்ததை மட்டும் சொன்னார், ஒரு எள்ளளவும் கூட்டவில்லை.

"நோயா? என்ன நோய்?"

"தைராய்டு தறிகெட்டு ஓடுது. அதுதான் இந்தப் புரதத்தை ஏத்தி விட்டது. தைராய்டு ஓடினா கை நடுங்கும், குளிர்லயும் வேர்க்கும், கோபம் வரும், சில பேருக்குக் கண்ணும் வெளிய தள்ளும். எவ்வளவு தின்னாலும் எடை இறங்கும். இதயம் இருந்த இடத்துலயே ஓடும். அந்த இதயத்தோட ஞாயித்துக்கிழமை மண்ணுல இறங்கியிருந்தான்னா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல வேண்டாம்."

நான்கு அடையாளங்களையும் மேடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வஸ்தாத் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவருடைய பட்டியல் மேடத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அவன் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"லேபுக்கு வரச் சொல்லியிருக்கோம். தைராய்டு டாக்டருக்குக் கடிதம் குடுக்கணும்."

குடையை எடுக்காமலே நடந்தார். லேபில் யுவராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், காலடியில் மூட்டை. வஸ்தாத்தைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்தான். காலைத் தொடக் குனியவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இருக்கும்.

"டேய், தப்பாயிடுச்சுடா. டாக்டரம்மா எல்லாம் சொன்னாங்க. வா, ஆணி காலியாத்தான் இருக்கு."

"ஆறு வருஷமா என்னைப் பாத்தீங்க வஸ்தாத்," என்றான் யுவராஜ். குரல் நடுங்கியது, இந்தத் தடவை அது தைராய்டு இல்லை. "விடியக்காலம் நாலு மணிலேருந்து பாத்தீங்க. நான் எப்படிப்பட்டவன்னு தெரிய உங்களுக்கு ஒரு பேப்பர் வேண்டியிருந்துச்சு. இப்ப நான் நல்லவன்னு தெரியவும் ஒரு பேப்பர்."

யுவராஜ் மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"லங்கோட்டை ரோட்டுல போட்டீங்க. ஊரு பாத்துச்சு. நீங்க மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் போதுமா?"

அவன் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். வஸ்தாத் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தேன், ஆறிப் போனது. சாயங்காலம் மேடம் மறக்காமல் என்னைத் திட்டினார். முழுசாக இருபது நிமிஷம். கையெழுத்து என்பது அலங்காரம் இல்லை, அதற்குப் பின்னால் ஒருத்தி யோசித்திருக்கிறாள் என்று அர்த்தம் என்றார். அழுதுகொண்டே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கையெழுத்தில்லாமல் என் கையை விட்டுப் போனதில்லை.

தைராய்டு டாக்டர் மாத்திரை எழுதினார். ஆறு மாசத்துக்காவது மண் பக்கம் போகக் கூடாது என்றார். யுவராஜ் எங்கள் வீட்டில்தான் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அவனை வாட்லேக்கு இழுத்துக்கொண்டு போனார். வரமாட்டேன் என்று அடம் பிடித்தான், ஊரே பார்க்குமே என்றான். "பாக்கட்டுமேடா, நீ என்ன திருடனா?" என்று நானும் கூடவே கிளம்பினேன். மேடமும் வந்தார். வாழ்க்கையில் அவர் பார்த்த முதல் குஸ்தி மைதானம் அதுதான். மேட்டில் எங்களோடு உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டு, யார் எதற்காக எழுந்திருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் நம்பர் குஸ்திக்கு மைக்கில் அழைப்பு வந்தது. எதிராளி இறங்கி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். மைக் பிடித்தவர் போஸ்டரைப் பார்த்து, "யுவராஜ் சௌகுலே!" என்று கூவிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "ஊசி யுவராஜா?" என்று கத்த, பத்துப் பேர் சிரித்தார்கள். என் பக்கத்தில் அவன் தலை முழங்காலுக்குள் போய்விட்டது.

ஹிந்துராவ் வஸ்தாத் மேட்டின் மேல் ஏறி வந்தார். மூட்டு வலிக்காரர், மூன்று இடத்தில் நின்று நின்று வந்தார். யுவராஜின் கையைப் பிடித்துத் தூக்கினார். "செருப்பைக் கழட்டு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. சட்டையும் பேண்ட்டுமாக அவனை மண்ணில் இறக்கினார். ஜெயித்தவனை அவனுடைய வஸ்தாத் கையைத் தூக்கிப் பிடித்து மைதானத்தைச் சுற்றி அழைத்து வருவது எங்கள் வழக்கம். அப்படித்தான் தூக்கிப் பிடித்தார். அவன் கை நடுங்கியது, அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

ஹல்கிப் பறை வாசிப்பவர்களுக்கு அடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எதிர்ப்பக்க மேட்டிலிருந்து வெளியூர்க்காரர் ஒருவர் எழுந்து நின்று, "குஸ்தியே நடக்கலையே வஸ்தாத்! யாரைச் சாய்ச்சான் இவன்?" என்று கேட்டார்.

வஸ்தாத் நின்றார். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"என்னை," என்றார்.

ஹல்கி அதிர்ந்தது. கையை இறக்காமல் இருவரும் இன்னொரு சுற்று நடந்தார்கள்.